சந்தனம் வைத்த சிங்கிள்

தூத்துக்குடியில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்யும் மந்திரமூர்த்தி அண்ணாச்சிக்கு இரண்டு பெயர் உண்டு. கடைத்தெருவில் கெட்டிக்காரர், வீட்டில் கிறுக்கர். இரண்டாவது பெயருக்குக் காரணம், மாடி அறையில் அவர் சேர்த்து வைத்திருந்த பழைய ராக் அண்ட் ரோல் இசைத்தட்டுகள். பக்கத்துக்கு ஒரே பாட்டு உள்ள சின்னத் தட்டுகள், சிங்கிள் என்பார்கள். ஒரு காலத்தில் கப்பல்காரர்கள் கொண்டுவந்து, துறைமுகத்தைச் சுற்றியுள்ள பழைய சாமான் கடைகளில் தள்ளிவிட்டுப் போனவை. வியாபாரத்துக்கு வேண்டிய நாலு சொல்லுக்கு மேல் ஆங்கிலம் அறியாத மனிதர் இதில் என்னத்தைக் கண்டார் என்று கேட்டால், அவருக்கே சொல்லத் தெரியாது. ஊசி தட்டில் இறங்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ ஆடுகிறது, அவ்வளவுதான்.

மனைவி முத்துக்கனி உடன்குடிக்காரி. அந்தத் தட்டுகளுக்கு அவள் வைத்த பெயர் கரிஞ்ச அப்பளம். மாடிக்குப் பெருக்கப் போவாள்; பாட்டு ஓடினால் விளக்குமாற்றோடு இறங்கிவந்துவிடுவாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு பாட்டைக்கூட முழுதாகக் கேட்டதில்லை. வெளியே சொல்லாவிட்டாலும் அண்ணாச்சிக்கு அது பெரிய வருத்தம்.

தட்டுகளில் ராஜா என்று ஒன்று இருந்தது. அமெரிக்காவில் ஏதோ ஒரு சிற்றூர்க் கம்பெனி கொஞ்சமே கொஞ்சம் அச்சிட்டுவிட்டு மூடிப்போனதாம். ஒரு கீறல் கிடையாது, லேபிளில் ஒரு கறை கிடையாது. கையுறை போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அதை எடுப்பார். அதற்கு மட்டும் பட்டுத்துணி உறை, பீரோவில் தனி இடம்.

அந்த ராஜாவுக்கு முடிசூட்டக்கூடிய ஆள் ஊரில் ஒருவர்தான். கப்பல் வேலையில் ஓய்வு பெற்ற ஜெஃப்ரி. இதே கிறுக்கு இன்னும் முற்றியவர். தட்டு சேர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் அவர் ‘மின்ட்’ என்று ஒரு சொல் போட்டால், தட்டு புத்தம் புதிதாக இருக்கிறது என்று அர்த்தம். பெங்களூர் வரை மறுபேச்சு கிடையாது. கருப்பட்டி வியாபாரி சேர்த்த பாட்டுத்தானே என்று அவர் இத்தனை காலமும் மந்திரமூர்த்தியை ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. கெஞ்சாத குறையாகக் கூப்பிட்டதில், விஜயதசமி அன்று காலை வந்து பார்ப்பதாக இறங்கிவந்தார்.

அதற்கு முந்தின வாரம் பூசைக்காக வீட்டை ஒதுங்க வைக்கும்போது, முத்துக்கனி பழைய தராசின் படிக்கற்களைக் கொண்டுபோய்த் தட்டுப்பெட்டியின் மேல் வைத்துவிட்டாள். அண்ணாச்சிக்குச் சுருக்கென்றது.

“ஏளா, தராசுக்குக் குடுக்க மரியாதையில கால்வாசி இதுக்குக் குடுக்கப்புடாதா? எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்.”

முத்துக்கனி படிக்கற்களை எடுத்துக்கொண்டு கீழே போனாள். தாம் ஜெயித்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார்.

சரஸ்வதி பூசை அன்று கடையில் பூசை போட்டு, பொரிகடலை பங்கிட்டுவிட்டு வீடு திரும்பினார். பூசை அறையில் தராசு, படிக்கல், கால்குலேட்டர், ஸ்கூட்டர் சாவி எல்லாம் பொட்டும் பூவுமாக இருந்தன. அவற்றுக்கு நடுவே, வாழையிலையில், உறையைக் கழற்றிய நிலையில் ராஜா. லேபிளில் பெரிய சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். கருப்புப் பாகத்தில் சுற்றிவர மூன்று பொட்டு. நடு ஓட்டையில் ஒரு செவ்வந்தி.

“வட்டத்துக்கு மூலை கெடையாதுல்லா, அதாம் மூணு வச்சேன்,” என்றாள் முத்துக்கனி. மற்றவற்றைப் பெட்டியோடு கும்பிட்டுவிட்டதாகவும், அவருக்கு எது உசத்தி என்று தனக்குத் தெரியாதா என்றும் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நீங்க சொன்னது சரிதாங்க. நாந்தாம் இத்தன நாளும் மரியாத தெரியாம இருந்துட்டேன்.”

ஈரம் காயுமுன் துடைத்தால் பிழைத்துவிடும். அவர் கை தானாக நீண்டது. மறுபூசை முடியாமல் தொடக்கூடாதே என்று அவள் நினைவுபடுத்தினாள். அவர் அறியாத சட்டமா அது? பூசையில் வைத்த தராசை அவசரம் என்று கேட்டு வந்தவர்களை வருஷந்தோறும் திருப்பி அனுப்பியவரே அவர்தானே.

சாயங்காலம் முழுக்கப் பூசையின் முன்னால் உட்கார்ந்து, சந்தனம் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியது. பொரி வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள், அண்ணாச்சிக்கு இத்தனை பக்தியா என்று பேசிக்கொண்டு போனார்கள்.

காலையில் மறுபூசை ஆனதும் தட்டைக் கையில் எடுத்தார். கையுறை போடவில்லை. கழுவினால் பொட்டு ஓரளவு போகும். லேபிள் சிவந்தது சிவந்ததுதான். ஆனால் கழுவ வேண்டுமென்றால், நீ செய்தது தப்பு என்று முத்துக்கனியிடம் சொல்லியாக வேண்டும். அவளோ அடுக்களையில் ஜெஃப்ரிக்காகச் சுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். தட்டு பார்க்க வருகிறவருக்கு அவள் காப்பி போடுவது இதுதான் முதல் தடவை. அண்ணாச்சி தட்டைக் கழுவாமலே மாடிக்கு எடுத்துப்போனார்.

ஜெஃப்ரி வந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தவர், அதற்கு வேலையில்லை என்று கண்டு பையிலேயே திரும்ப வைத்தார். சாவு வீட்டில் துட்டி கேட்க வந்தவர்போல அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, குரூப்புல என்னன்னு போட?”

“பூசை போட்டதுன்னு போடுங்க.”

சொல்லிவிட்டு, ஆனது ஆகட்டும் என்று மந்திரமூர்த்தி தட்டை ஓடவிட்டார். பாடுகிறவன் சுற்றுக்குச் சுற்று சந்தனத்தில் ஏறி இறங்கினான். டக், டக், டக். ஜெஃப்ரி கண்ணை மூடிக்கொண்டார். காப்பியோடு மாடியேறி வந்த முத்துக்கனி நிலைப்படியில் நின்றாள். நின்றவள் திரும்பிப் போகவில்லை. பாட்டு முடியும்வரை அவள் கால்விரல் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

“இப்பந்தாங்க கேக்க நல்லாருக்கு,” என்றாள். “மேளம் சேந்துட்டுல்லா. அடுத்த வருசம் எல்லாத்துக்கும் வச்சிருதேன்.”

ஜெஃப்ரி காப்பியைச் சூடாகவே குடித்துவிட்டுக் கிளம்பினார். குழுவில் அவர் எதுவுமே போடவில்லை.

அன்று சாயங்காலம் தட்டுப்பெட்டிக்கும் பீரோவுக்கும் பூட்டு வாங்கப் போன மந்திரமூர்த்தி, கடை வாசல்வரை போய்விட்டு வாங்காமல் திரும்பினார். வீட்டில் மாடி விளக்கு எரிந்தது. முத்துக்கனி அந்தத் தட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அதை எப்படி ஓடவிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.