உங்கை என்றால் எங்கே

1976 ஆகஸ்ட், அந்த நாட்டில் குளிர்காலம். பொகோங் மலையடிவாரத்தில், மீட்புக் கூடாரத்துக்குள், சத்தியபாமாவை ஒரு மடக்குக் கதிரையில் உட்காரவைத்துக் கையில் தேநீரைக் கொடுத்திருந்தார்கள். மெல்பேர்ணிலிருந்து ஐந்து மணி நேரம் ஓடி வந்தவளுக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

முந்தின நாள் மத்தியானம் மலையில் பனி சரிந்து இரண்டு பேர் அகப்பட்டிருந்தார்கள். ஒருவர் அவளுடைய கணவர் சிறிதரன். மற்றவர் அவரோடு வேலை செய்யும் கிரெக். சிறிதரனுக்குத் தலையில் அடி. படித்த ஆங்கிலமெல்லாம் பறந்துபோய், இருவழி வானொலிக் கருவியில் தமிழ் மட்டுமே வந்துகொண்டிருந்தது. கிரெக்கின் குரல் கேட்கவேயில்லை.

குழுத் தலைவர் ஹாரிஸ் அந்தக் கருவியை, அவளைக் காரில் கூட்டிவந்த பக்கத்து வீட்டுச் சடகோபனிடம் கொடுத்தார். பெண்சாதி என்றால் கண்ணீரும் கம்பலையுமாக நிற்பாள் என்று அவருக்கு நினைப்பு.

கருவி கரகரத்தது. “அங்கை இல்லை… உங்கை… உங்கை நிக்கிறம்…” பிறகு சத்தமே இல்லை. அவர் பக்கத்துப் பட்டரி செத்துவிட்டது.

சென்னைக்காரரான சடகோபன் விழித்தார். “‘அங்க இல்லை’ன்னார். அப்புறம் ‘உங்க’ன்னு ஏதோ… உங்க உதவி வேணும்கிறார் போல.”

அதை ஆங்கிலத்தில் கேட்ட ஹாரிஸ் தலையசைத்தார். மலைக்குடிசைப் பதிவேட்டில் இருவரும் மேற்குச் சரிவு என்று எழுதியிருந்தார்கள். குழுவின் பதினெட்டுப் பேரும் மேற்கே போகட்டும் என்றார். சாயங்காலம் புயல் வரும். இன்று ஒரு தடவைதான் தேடலாம். இன்னொரு இரவை அவர்கள் தாங்கமாட்டார்கள் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

“அண்ணை, அது ‘உங்கள்’ இல்லை,” என்றாள் சத்தியபாமா. “உங்கை. எங்கட ஊரிலை, கேட்கிற ஆள் நிக்கிற பக்கம்.”

“அப்படி ஒரு சொல் எங்க ஊர்ல கிடையாதேம்மா.”

“உங்கட ஊரிலை இல்லையெண்டால் உலகத்திலையே இல்லையோ?”

ஹாரிஸிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். “நாங்கள் கிழக்கில் இருக்கிறோம். இது அவருக்குத் தெரியாவிட்டால் அந்தச் சொல் அவர் வாயில் வராது. எங்களைப் பார்க்கிறார், அல்லது எங்கள் சத்தம் கேட்கிறது. இங்கேதான், மேலே இருக்கிறார்கள்.”

“பதிவேட்டில் மேற்கு என்று இருக்கிறது, அம்மா.”

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று இந்த வெள்ளைக்காரனுக்கு யார் சொல்வது? தேநீரைக் கீழே வைத்தாள். வெளியே நின்ற லொறியில் ஏறி, ஹோர்னை இரண்டு கைகளாலும் அமுக்கினாள். ஹாரிஸ் ஓடிவந்து கத்தினார். அவளுக்குப் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. போதுமென்று தோன்றியபிறகே கையை எடுத்தாள்.

“இப்ப எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கேளுங்கோ,” என்றாள், தமிழில்.

பதினெட்டுத் தடியர்களும் மூச்சுக் காட்டவில்லை. கிழக்குச் சரிவில், முகிலுக்குள்ளிருந்து ஒரு விசில். மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று.

ஹாரிஸ் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு ஆட்களைக் கிழக்கே திருப்பினார்.

இரண்டு மணி நேரத்தில் ஸ்ட்ரெச்சர்கள் இறங்கின. கூடாரத்திலேயே நிற்கும்படி ஹாரிஸ் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. முழங்காலளவு பனியில் ஏறிப்போய், சிறிதரனின் ஸ்ட்ரெச்சர் முன்பிடியில் தானும் கைகொடுத்தாள்.

சிறிதரன் கண்ணைத் திறந்தார். “சீலையோடை ஏன் பனிக்குள்ளை வந்தனீர்?”

அவள் ஒரு கையால் அவருடைய போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடினாள்.

“ஒரு இரவு முழுக்கப் பனிக்குள்ளை கிடந்த ஆள் எனக்குச் சட்டம் சொல்லவேண்டாம்,” என்றாள். பிடியை விடவில்லை.