மேற்குச் சுவர் நகர்ந்த கம்பெனி

மரக்கடைக்காரர் மென்பொருளை வாங்கிய செவ்வாய்க்கிழமை பிற்பகல், அலுவலகத்தின் மேற்குச் சுவர் ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. சத்தம் எதுவும் இல்லை. சுவரோரம் இருந்த மேசைக்குப் பின்னால் கை நுழைகிற அளவு இடம் உண்டானது, அவ்வளவுதான். அடுத்த வாரம் ஒரு பல் மருத்துவர் வாங்கினார், இன்னொரு சாண். பிறகு கண்ணாடிக் கடை, பிறகு ஒரு சலூன். சுவர் தனியாகப் போகவில்லை. ரப்பர் பட்டையை இழுத்தால் அதன்மேல் வைத்த புள்ளிகள் விலகுமே, அந்த மாதிரித் தரையும் இழுபட்டு மேசைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. தெருவில் நின்று பார்த்தால் கட்டடத்தில் ஒரு மாற்றமும் கிடையாது. கீழே பை தைக்கிற கடை, மேலே ஒற்றை ஜன்னல், பக்கத்தில் மருந்துக் கடை, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. கட்டடக்காரர் வாடகையைக் கூட்டும் எண்ணத்தோடு அளவு நாடா கொண்டுவந்தார். நாடா முடிந்தது, அறை முடியவில்லை. ஒப்பந்தத்தில் வெளி அளவுதான் எழுதியிருக்கிறது என்று கம்பெனியை நடத்திய அக்கா எடுத்துக் காட்டியதும், "இனிமே எவனுக்கும் உள்ளளவு போட்டுத்தான் எழுதணும்" என்று முனகிக்கொண்டே படியிறங்கிப் போனார்.

கம்பெனியின் பெயர் பழக்கம். தொடங்கியவர்கள் மூவர்: அக்கா, அக்காவின் கணவர், அக்காவின் தம்பி. பெற்றோர் போனபின் தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியவள் அக்கா. அவன் கணினிப் படிப்பை முடித்த வருடம் கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராகத் தொலைவான ஊர்களுக்குக் கிளம்பினார்கள். இவனும் கிளம்பிவிடுவான் என்ற பயத்தில்தான், நாம் மூன்று பேரும் சேர்ந்தே ஒரு தொழில் செய்தால் என்ன என்று ஒருநாள் சாப்பிடும்போது அக்கா பேச்செடுத்தாள். லாபம் வந்தால் வரட்டும். தம்பி கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்க வேண்டும், அவளுக்கு அதுதான் கணக்கு. கணவருக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் நாளைக்காரர். எதைக் கேட்டாலும் "நாளைக்கே ரெடி" என்பார். தம்பிக்கு நேரெதிர் வாய். "இருங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்பான். இந்த இரண்டு வாய்க்கும் நடுவே அக்கா தொலைபேசியை எடுத்தாள்.

அவர்கள் விற்றது பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. சின்னத் தொழில் நடத்துகிறவருக்கு யார் யாரோடு பழக்கம், கடைசியாக என்ன பேசினார்கள், அடுத்து எப்போது கூப்பிட வேண்டும் என்பதையெல்லாம் கணினியில் வைத்துக்கொண்டு, நாள் வந்ததும் நினைவுபடுத்துகிற மென்பொருள். அதற்கான யோசனை அந்த அறையின் வேலை முறையிலிருந்தே பிறந்தது. தொலைபேசி அடித்தால் எடுத்தவர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு "மரக்கடை!" என்று கத்த வேண்டும். மற்ற இருவரும் தங்களுக்குத் தெரிந்ததைத் திருப்பிக் கத்துவார்கள். "பிரிண்டர் தகராறு, போன வாரமே சொன்னாரு!" "பொண்ணுக்கு ஆபரேஷன், முதல்ல அதைக் கேளு!" அக்கா கையை எடுத்துவிட்டு, "பாப்பா எப்படி இருக்குங்க?" என்பாள். மரக்கடைக்காரர் பிரிண்டரை மறந்துவிடுவார். மூன்று மேசைகளும் முதுகு முட்டுகிற நெருக்கத்தில் கிடந்தன. ஒருவர் வெளியே போக வேண்டுமென்றால் இருவர் எழுந்திருக்க வேண்டும். கீழே தையல் இயந்திரங்கள் ஓடினால் தரை லேசாக அதிர்ந்து, டீ கிளாஸுக்குள் வட்டம் வட்டமாக அலை எழும். "மாமா, உங்க கால் மறுபடியும் என் பிளக்கைப் பிடுங்கிருச்சு!" என்று தம்பி அலறுவதும், "என் கால் இருக்கிற இடத்துல நீ ஏன் பிளக்கை வச்சே மாப்ளே?" என்று நாளைக்காரர் திருப்பிக் கேட்பதும் அன்றாடம் நடந்தன. பிற்காலத்தில் மூவரும் அந்த அறையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் முதலில் புழுக்கத்தைத்தான் சொல்வார்கள். அதைச் சொல்லும்போதே முகம் மலர்ந்துவிடும்.

சுவர் நகர ஆரம்பித்ததில் மூவருக்குமே சந்தோஷம்தான். காலை நீட்ட முடிந்தது. அலமாரி வந்தது. நாலு பேரை வேலைக்குச் சேர்த்தார்கள், அப்புறம் நாற்பது பேரை. வாங்குகிறவரின் தொழிலுக்குத் தக்கபடி அறை நீண்டது: அச்சகத்துக்கு ஒரு முழம், பஸ் கம்பெனிக்கு ஒரு தெரு நீளம். ஒரு காப்பீட்டு நிறுவனம் வாங்கிய அன்று, காலையில் எதிர்மேசையில் இருந்தவர் மாலையில் புள்ளியாகத் தெரிந்தார். நாளைக்காரர் கிழக்கே வாசல் கதவை ஒட்டி இருந்தார், தம்பி மேற்குச் சுவரோரம், அக்கா நடுவில். சைக்கிள்கள் வாங்கப்பட்டன. மேற்கே வேலை பார்த்தவர்கள் திங்களன்று போய் வெள்ளியன்று திரும்பினார்கள். அவர்களுக்காக அங்கே கட்டில்கள் போடப்பட்டன. தம்பி வெள்ளிக்கிழமைகளிலும் திரும்புவதை மெல்ல மெல்ல நிறுத்திக்கொண்டான். நடுப்பகுதியில் பனிமூட்டம் இறங்கியதால் ஒருமுறை மாதாந்திரக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. இன்டர்காம் போடலாமென்றால் அவ்வளவு வயர் எந்தக் கடையிலும் இல்லை. கைபேசியில் கூப்பிட்டால், நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார் என்று ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொன்னது. அழைத்தவரும் அழைக்கப்பட்டவரும் ஒரே அறையில்தான் இருந்தார்கள்.

அக்கா பழைய ஞாபகத்தில் "அச்சகம்!" என்று கத்துவாள். பதில் மறுநாள் வந்து சேரும். அதற்குள் அச்சகக்காரர் போனை வைத்திருப்பார். அதனால் கூப்பிடுகிறவர்களுக்கு எண் கொடுக்கிற முறை வந்தது. மரக்கடைக்காரர் ஒருநாள் கூப்பிட்டபோது புதிதாகச் சேர்ந்த பெண் அவரிடம் எண் கேட்டாள். "நான் மரக்கடைம்மா" என்றார். "அது சரி சார், உங்க நம்பர்?" என்றாள். "மரக்கடைன்னு சத்தமா சொல்லிப் பாரும்மா, யாராவது திரும்புவாங்க" என்றார் அவர். அந்தப் பெண் சொல்லிப் பார்த்தாள். சுற்றியிருந்தவர்களில் யாரும் திரும்பவில்லை.

மின்னஞ்சல் மட்டும் தூரம் பார்க்காமல் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதில் மாமனும் மாப்பிள்ளையும் எழுதியது வேறு பாஷை. மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி, தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருவது யாதெனில் என்று போய், இதன் விளைவுகளுக்கு நான் பொறுப்பல்ல என்று முடிந்தது. நாளைக்காரர் கிழக்கே யாரிடமாவது நாளைக்கு என்று சொல்வார். மேற்கே தம்பிக்கு அந்த நாளை நேற்றாகிப் போனபின்தான் தெரியவரும். அவர் அவனைப் பொறாமைக்காரன் என்றார், அவன் அவரை வாய்ச்சொல் வியாபாரி என்றான். இதெல்லாம் நடுவில் இருந்த அக்காவின் காதில் ஒரு நாள் தாமதமாக விழுந்தது. அன்றைக்குப் பதில் சொல்லி என்ன பிரயோஜனம்?

மூன்றாம் பதிப்பில் ஒரு வசதி சேர்க்கப்பட்டது. ஒரே தொலைபேசி எண் இரண்டு பெயர்களுக்கு இருந்தால், அது ஒரே ஆளை இருமுறை பதிந்ததாக எடுத்துக்கொண்டு, மென்பொருளே இரண்டையும் ஒன்றாக்கிவிடும். காப்பீட்டு நிறுவனம் கேட்டது. நாளைக்காரர் நாளைக்கே என்று சொல்லிவிட்டார். தம்பி அவசரத்தில் எழுதிமுடித்துக் கிழக்கே அனுப்பிவிட்டு, அப்புறம் சோதித்துப் பார்க்கத் தன் வீட்டு விவரத்தையே கொடுத்தான். அக்கா, அக்கா கணவர், தம்பி மூவருக்கும் வீட்டு எண் ஒன்றுதான். திரையில் மூவரும் ஒரே ஆளாக வந்து நின்றார்கள். வயது மூன்று, பிறந்தநாள் மூன்று, ஆள் ஒன்று. சின்னக் கடைகளின் உலகத்தில் ஒரே போனைக் குடும்பமே வைத்துக்கொண்டிருக்கும் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே மின்னஞ்சல் அனுப்பினான். தங்கள் மேலான கவனத்திற்கு என்ற தலைப்பைப் பார்த்ததும் நாளைக்காரர் அதைத் திறக்கவில்லை. பதில் வராததால் தம்பி நாற்காலிமேல் ஏறி, கைகளைக் குவித்து, "மாமா! விடாதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினான். அவன் அவரை மாமா என்று கூப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது. குரல் மறுநாள் மதியம் கிழக்கே வந்து சேர்ந்தது. காலையிலேயே மூன்றாம் பதிப்பு வெளியாகிவிட்டிருந்தது.

அப்பனும் மகனும் ஒரே ஆளானார்கள். பல் மருத்துவரின் மென்பொருள், பல் பிடுங்க வேண்டிய மாமியாரை விட்டுவிட்டு, ஒரு பல்லும் ஆடாத மருமகளுக்கு நாள் குறித்தது. கண்ணாடிக் கடைக்காரருக்குப் பணம் தரவேண்டிய ஆளும் அவர் பணம் கொடுக்கவேண்டிய ஆளும் ஒன்றாகி, யாரும் யாருக்கும் எதுவும் தரவேண்டாம் என்று திரை காட்டியது. பழைய பிரதியைத் திருப்பிப் போட்டால் இடையில் பதிந்ததெல்லாம் போய்விடும். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, இது யார், அது யார் என்று கேட்டுக் கையால் பிரிப்பது ஒன்றே வழி. தொலைபேசிகள் அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அலறின. அக்கா இரண்டு பக்கமும் சைக்கிளில் ஆள் அனுப்பினாள். செய்தி ஒன்றுதான்: "ரெண்டு பேரும் என் மேசைக்கு வாங்க. வரலேன்னா நான் வீட்டுக்குப் போறேன்."

வந்தார்கள். மூவரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள், முழங்கால் இடித்தது. முதலில் இருவரும் நேரில் பேசிக்கொள்ளவில்லை. "பஸ் கம்பெனிக்காரருக்கு ரெண்டு தம்பி, ஒண்ணு பேசாது, எழுதித்தான் காட்டும்னு அவர்கிட்டச் சொல்லுக்கா." "அது தம்பி இல்ல, சித்தப்பா மகன்னு அவன்கிட்டச் சொல்லு." அக்கா பொறுத்துப் பார்த்தாள். "நான் என்ன போஸ்ட் ஆபீஸா? நேராப் பேசுங்கடா ரெண்டு பேரும்" என்றாள். கணவரையும் சேர்த்து டா போட்டதை அவளே கவனிக்கவில்லை. வாரக்கணக்கில் அப்படியே உட்கார்ந்து, மாமியாரிலிருந்து மருமகளை, அப்பனிலிருந்து மகனைப் பிரித்தார்கள். யாருக்கு எந்தக் குரல், யாருக்கு எந்த மனத்தாங்கல் என்பதெல்லாம் மூவருக்கும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது. பிரித்து முடிப்பதற்குள் வாடிக்கையாளர்களில் கணிசமானவர்கள் விலகிவிட்டார்கள். மரக்கடைக்காரரும் விலகினார். சுவர் திரும்பி வரும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். வரவில்லை. போனவர்களுக்குண்டான இடம் காலியாக அப்படியே கிடந்தது.

கடைசிப் பெயரைப் பிரித்த அன்று தம்பி ராஜினாமாக் கடிதத்தை மேசையில் வைத்தான். தொலைவான ஊரில் வேலை கிடைத்திருந்தது. "தப்பு என்னோடது. நான் இங்க இருந்தா அதையே பாத்துட்டு இருப்பேன்க்கா" என்றான். அக்கா கடிதத்தைப் படித்தாள். நாளைக்காரர் முதல்முறையாக ஒரு விஷயத்துக்கு நாளைக்கு என்று சொல்லவில்லை. அழுதால் அவன் நின்றுவிடுவான், நின்றாலும் மேற்குச் சுவரோரம் போய்த்தான் உட்காருவான் என்பது அக்காவுக்குத் தெரியும். ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "கதவு அந்தப் பக்கம். சாப்பிட்டுட்டுக் கிளம்பு" என்றாள்.

சைக்கிள் எடுத்துக்கோ என்றதற்கு அவன் மறுத்துவிட்டான். அது கம்பெனி சொத்து. ராஜினாமாச் செய்தவன் ஏறக்கூடாது. நடந்தே கிளம்பினான். நாளைக்காரர் எழுந்து அவன் பையை வாங்கிக்கொண்டார். "நீங்க எதுக்கு மாமா?" "என் மேசையும் கதவுப் பக்கம்தானே இருக்கு? வழித்துணைக்கு ஆச்சு. நடடா மாப்ளே." இருவரும் கிழக்கே நடந்தார்கள். அவர்கள் முதுகு சின்னதாவதைப் பார்த்துக்கொண்டே அக்கா தொலைபேசியை எடுத்து, வெகுநாளாக யோசித்துக்கொண்டிருந்த ஒரு பாத்திரக் கடைக்காரரைக் கூப்பிட்டாள். அவர் வாங்கினார். கதவு ஒரு முழம் தள்ளிப் போனது. மறுநாள் ஒரு நர்சரிப் பள்ளியைக் கூப்பிட்டாள்.

அவர்கள் நடந்தார்கள். வழியில் மேசை மேசையாக ஆட்கள் இருந்தார்கள். நிறுத்திச் சந்தேகம் கேட்டார்கள். தம்பி, இருங்க, பாத்துட்டுச் சொல்றேன் என்று நின்று பார்த்துச் சொன்னான். சம்பளம் வாங்காதவன் வேலை செய்யலாமா என்று ஒருவர் கேட்டதற்கு நாளைக்காரர், "போற வழியில சொல்றதுக்குச் சம்பளம் எதுக்கு?" என்றார். நடக்க நடக்க இருவரும் பேசினார்கள், சண்டை போட்டார்கள், யாருடைய கால் பெரியது என்பதுவரை போனார்கள். ஒரு வாரம் கதவின் பித்தளைக் கைப்பிடி கண்ணுக்குத் தெரிந்தது. அந்த வாரம் அக்கா ஒரு மருத்துவமனையை வாடிக்கையாளராகச் சேர்த்துவிட்டாள், கைப்பிடி மறுபடி மறைந்தது. தொலைவான ஊரிலிருந்து விசாரித்துக் கடிதம் வந்தது. கிளம்பிவிட்டார் என்று பதில் போனது, அது உண்மைதான். வேளாவேளைக்குச் சைக்கிளில் சாப்பாடு வந்தது. பிறகு அக்காவே கொண்டுவந்தாள். பிறகு ஒவ்வொரு முறையும் திரும்பிப் போவானேன் என்று தன் மேசைக்குச் சக்கரம் வைத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

இப்போதும் கம்பெனி நடக்கிறது. அறைக்குள் மேகம் அடிக்கடி வரும், அதற்கென்று குடைகள் இருக்கின்றன. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கிறார்கள்: இது பண்டகசாலை, இது குடிதண்ணீர், அதோ போகிறார்களே அவர்கள்தான் முதலாளிகள். வாடிக்கையாளர் யாராவது கூப்பிட்டு, தம்பி இருக்காரா என்று கேட்டால் அக்கா ரிசீவரைக் காதோடு அணைத்துக்கொண்டு, "அவன் வேலையை விட்டுட்டுக் கிளம்பிட்டானுங்க" என்கிறாள். பிறகு, "ஒரு நிமிஷம் இருங்க, இங்கதான் இருக்கான், கொடுக்கறேன்" என்று ரிசீவரை நீட்டுகிறாள். அவன் நடந்துகொண்டே வாங்கிக்கொள்கிறான்.