உச்சியில் காத்திருந்தவர்

சவவண்டி முதல் கியரில் மேடேறிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் தன் பழைய காரை அதே வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார் ஃபெர்மோ. மற்றவர்கள் என்றால் இந்நேரம் இரண்டு தடவையாவது எஞ்சினை அணையவிட்டிருப்பார்கள்.

"நான் ஓட்டுறேன்னு சொன்னேன்ல அப்பா," என்றாள் பக்கத்தில் இருந்த மகள் இவானா. அம்மா டெல்ஃபினா இறந்த செய்தி கேட்டு மிலானிலிருந்து வந்திருந்தாள்.

"உனக்கு வராதும்மா. மேட்டுல மெதுவாப் போறது தனி வித்தை. முப்பது வருஷமா உங்கம்மாவுக்காக இந்த மேடெல்லாம் ஓட்டியிருக்கேன்."

இவானா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சைக்கிள் கிளப்காரர்கள் பதினோரு பேர் நீலச் சட்டையில் வண்டிக்கு இரு பக்கமும் மிதித்து வந்தார்கள். எல்லோரிலும் மூத்தவர் ஒரெஸ்டே. எழுபத்து நாலு வயது. முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. கார் கண்ணாடியைத் தட்டினார்.

"டேய் ஃபெர்மோ, அந்த டிரைவர்கிட்ட கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லுடா. டெல்ஃபினாவே இந்த வேகத்துல ஏறமாட்டா."

"ஏறுவா. நீதான் ஏறமாட்ட," என்றார் ஃபெர்மோ. ஒரெஸ்டே சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலானது.

டெல்ஃபினா சைக்கிள் மிதிக்கத் தொடங்கியது முப்பத்தொன்பதாவது வயதில். பொர்மியோவில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை. ஒருநாள் காலைப் பேருந்து வரவில்லை என்று ஃபெர்மோவின் தம்பி விட்டுப்போன சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் பேருந்து வந்தது, அவள் ஏறவில்லை. அந்த மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொட்டி வாங்கக் கிளம்பியவள் மாலை நாலு மணிக்குத் திரும்பி வந்தாள். கையில் ரொட்டி இல்லை.

"எங்கடி போன?"

"ஸ்டெல்வியோ கணவாய்க்கு."

"எதுக்கு?"

"தெரியல. ஒரு வளைவு வந்துச்சு. அதுக்கு அப்புறம் என்னன்னு பாக்கணும்னு தோணுச்சு. அப்புறம் இன்னொண்ணு வந்துச்சு."

அன்றிலிருந்து கோடை முழுக்க ஞாயிறுகள் கணவாய்களுக்குப் போயின. ஃபெர்மோ பனிச்சறுக்கு இழுவைக் கம்பிகளைப் பழுது பார்ப்பவர். கோடையில் வேலை குறைவு. அவருக்குச் சைக்கிள் பிடிக்காது. ஆனால் காரை முன்னால் ஓட்டிப்போய் உச்சியில் நிறுத்தி, மாற்றுச் சட்டையும் சுடச்சுடக் காப்பியும் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அவள் வந்ததும் இறக்கத்தின் குளிர் தாக்காமல் இருக்க அன்றைய செய்தித்தாளை மடித்து அவள் சட்டைக்குள் மார்போடு செருகிவிடுவார். "விளையாட்டுப் பக்கத்தை மட்டும் விட்டுடு, நான் இன்னும் படிக்கல," என்பார். அவள் அதைத்தான் முதலில் உருவிக்கொள்வாள்.

தேவாலயத்தில் பூசை முடிந்ததும் பேச எழுந்தவர் ஒரெஸ்டே. அவர் காவியா கணவாயின் கதையைத் தொடங்கினார்.

"இருபத்து நாலு வருஷம் முன்னால. ஜூன் மாசம். நாங்க ஆம்பளைங்க எல்லாம் பாதி வழியில மழையைப் பாத்துத் திரும்பிட்டோம். இவ மட்டும் மேல போனா. அங்க பனி கொட்டுது. மேல காத்துட்டு இருந்த புருஷன்கிட்ட, 'இந்தக் குளிர்ல நீ ஏன் நிக்கிற, அந்தப் பக்கம் இறங்கிச் சூடா எதாவது குடி, நான் வந்த வழியே போயிடுறேன்'னு சொல்லி அனுப்பிட்டு, தனியா இறங்கி வந்தா. அப்படிப்பட்டவ."

சபையில் சிலர் ஃபெர்மோவைப் பார்த்துக் கனிவாகத் தலையசைத்தார்கள்.

அவர் எழுந்து நின்றார். எழுவோம் என்று அவரே நினைத்திருக்கவில்லை.

"அவ என்னை அனுப்பல," என்றார். "அன்னிக்கு ஃபுட்பால்ல இத்தாலி ஆடுச்சு. கார் ரேடியோ அங்க எடுக்கல. இந்தப் பனியில அவ திரும்பிப் போயிருப்பான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு, மேட்ச் பாக்கக் கீழ போயிட்டேன். அவ மேல வந்தப்ப நான் இல்ல."

யாரோ செருமினார்கள். பாதிரியார் ஒரெஸ்டேவைப் பார்த்தார். ஒரெஸ்டே தன் காலணியைப் பார்த்தார். ஃபெர்மோ உட்கார்ந்துவிட்டார். மிச்சத்தை அவர் சொல்லவில்லை.

மேட்ச் முடிந்து மறுபடி உச்சி வழியாக வந்தபோது, பூட்டியிருந்த விடுதி முன்னால் பனியில் ஒரு சைக்கிள் தடம் இருந்தது. அதைச் சுற்றிச் சின்னக் காலடிகள். ஒரே இடத்தில் வட்டம் வட்டமாக நடந்திருந்தாள். எவ்வளவு நேரம் நடந்தாள் என்று அவர் கேட்டதே இல்லை. வீட்டுக்கு வந்தபோது குளியல் தொட்டியில் கழுத்துவரை வெந்நீரில் உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"யாரு ஜெயிச்சா?" என்று கேட்டாள்.

"நாமதான்."

"நல்லது."

அவ்வளவுதான். இடது கையில் இரண்டு விரல்களுக்கு உணர்ச்சி திரும்பவே இல்லை. அடுத்த வாரம் கிளப்பில் அவள், தானே அவரைக் கீழே அனுப்பியதாகக் கதை சொன்னபோது ஃபெர்மோ பக்கத்தில்தான் நின்றார். மறுக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கணவாயிலும் அவளுக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் நின்றார். "நான் இன்னும் வீட்டை விட்டே கிளம்பல, அதுக்குள்ள எங்க ஓடுற?" என்று கேலி செய்வாள்.

அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்ததும் ஒரெஸ்டே பக்கத்தில் வந்து நின்றார்.

"எங்களுக்கு அப்பவே தெரியும்டா. நீ மேட்ச் பாத்த பார் வச்சிருந்தவன் என் மச்சினன். கோல் விழுந்ததும் நீ நாற்காலி மேல ஏறிக் கத்துனது வரைக்கும் சொல்லிட்டான்."

ஃபெர்மோ அவரையே பார்த்தார். "தெரிஞ்சுமா அங்க அப்படிச் சொன்ன?"

"அவதான் சொல்லச் சொன்னா. போன மாசம் பாக்க வந்தேன்ல? 'என் அடக்கத்துல நீதான் பேசுவ, எனக்குத் தெரியும். வாயை வச்சுட்டுச் சும்மா இருக்கமாட்ட. காவியாவை நான் சொன்ன மாதிரியே சொல்லு. இவானா உக்காந்திருப்பா'ன்னா." ஒரெஸ்டே தொப்பியைக் கையில் சுருட்டினார். "ஒரு கிழவி கேட்ட ஒரே காரியம். அதையும் கெடுத்துட்ட, முட்டாப்பயலே."

ஃபெர்மோவின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

இவானா மாலைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். ஃபெர்மோ அருகில் போய் நின்றார். அவள்தான் பேசினாள்.

"அப்ப எனக்குப் பதினாலு வயசு. அந்தத் தொட்டிக்கு வெந்நீர் ஊத்துனது யாருன்னு நினைச்சீங்க?"

ஃபெர்மோ சரிந்திருந்த ஒரு மாலையை நிமிர்த்தி வைத்தார்.

"அம்மாவோட கையால சட்டைப் பித்தானைக் கழட்ட முடியல. நான்தான் கழட்டுனேன். அழுதேன். 'அப்பா வந்ததும் எதுவும் கேக்கக் கூடாது'ன்னாங்க. கேக்கல."

சுவருக்கு அந்தப் பக்கம் ஓடை இரைந்தது.

"புதன்கிழமை காலையில…" என்றார் ஃபெர்மோ. "சூப் ஆறிப்போச்சு, சூடு பண்ணிட்டு வான்னா உங்கம்மா. பத்து நிமிஷம். கீழ போயிட்டு வந்தேன். அதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. ஆனா அன்னிக்கு அவதான் என்னை அனுப்புனா, இவானா. நிஜமாவே அவதான்."

"தெரியும்பா," என்றாள்.

நம்பித்தான் சொல்கிறாளா என்று அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அம்மாவின் முகத்தைப் போலவே அந்த முகமும் எதையும் காட்டவில்லை. "பையை எடுத்துட்டு வர்றேன்," என்று தேவாலயத்துக்குப் போனாள்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு பெண் சைக்கிளைச் சாத்தி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். வெளியூர்க்காரி, அரைகுறை இத்தாலிய மொழியில் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டாள். ஃபெர்மோ அவள் பாட்டிலை வாங்கிப் பூச்செடிகளுக்கான குழாயில் இரண்டு முறை அலசி, நிரப்பிக் கொடுத்தார்.

"காவியா இன்னும் ரொம்பத் தூரமா?"

"பன்னெண்டு கிலோமீட்டர். முதல்ல காடு. அது ஒண்ணும் பண்ணாது. பாலம் தாண்டுனதும் மரமெல்லாம் நின்னுடும், காத்து ஆரம்பிக்கும். அங்க முடிஞ்சுதுன்னு தோணும். முடியாது. அங்க அவசரப்படாதம்மா."

"அப்புறம்?"

"ஒரு ஏரி வரும். வெள்ளையா. அதைப் பாத்துட்டா அவ்வளவுதான், அப்புறம் சமதரைதான்."

"நீங்க நிறைய ஏறியிருக்கீங்களா?"

"நான் ஏறுனதே இல்ல," என்றார் ஃபெர்மோ. "மேல யாராவது காத்துட்டு இருக்காங்களா?"

அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. சிரித்து, நன்றி சொல்லி, மிதிக்கத் தொடங்கினாள். முதல் சில அடிகள் தள்ளாடி, பிறகு சீரானாள்.

பையோடு வந்த இவானா, போகலாமா என்று கேட்டாள். ஃபெர்மோ மலைமுகட்டில் மேகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.