ஆறுவதற்குள்

அப்பாவின் சட்டைப் பொத்தான்களை மகள் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். வண்டி வருவதற்குள் வேறு சட்டை மாற்றிவிட வேண்டும். வயிற்றுப் பக்கம் துணி இன்னும் ஈரமாக இருந்தது. அதில் சாம்பல் நிறப் பூனை மயிர் ஒட்டியிருந்தது.

"பூனை மூத்திரமாத்தான் இருக்கும். அந்தச் சனியனை இன்னிக்கே எங்கயாவது அனுப்பிடுங்க," என்றாள் அத்தை. அண்ணன் பிணமாகக் கிடக்கும்போதுகூட அவளுக்கு வாய் ஓயவில்லை.

"மூத்திரம் இல்ல அத்தை. சலைன். பூனைக்கு ஏத்துறப்போ சிந்தினது."

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன், போன வருஷம் பிராணிகள் காப்பகத்துக்குப் போய், இருப்பதிலேயே கிழமான, சிறுநீரகம் இரண்டும் பழுதான பூனையாகப் பார்த்து எடுத்துவந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாரையும் முறைக்கிறது என்று அதற்கு மேனேஜர் என்று பேர் வைத்தார். மகள் போனில் சண்டை பிடித்தாள்.

"குட்டியா ஒண்ணு கிடைக்கலையாப்பா?"

"குட்டி பல வருஷம் இருக்கும்மா. நாங்க இருப்பமா? இதுன்னா எங்களுக்கு முன்னாடி போயிடும். நல்லபடியா அனுப்பிட்டு நாங்க கெளம்புவோம்."

எல்லாம் கணக்குப் போட்டுத்தான் செய்தார். கணக்குதான் தப்பிவிட்டது.

ஒருநாள் விட்டு ஒருநாள் மேனேஜருக்குத் தோலுக்கடியில் சலைன் ஏற்ற வேண்டும். ஜில்லென்று உள்ளே போனால் கத்தி ஊரைக் கூட்டிவிடும். அதனால் அப்பா சலைன் பையைச் சட்டைக்குள் விட்டு வயிற்றுச் சூட்டில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பிறகு பூனை அவர் மடியில் படுக்கும், அம்மா ஊசி குத்துவாள். வேறு யார் மடியிலும் அது தங்காது.

இன்று காலை அந்த நாற்காலியிலேயே போய்விட்டார். தூங்குகிறார் என்று நினைத்து அம்மா சலைனை ஏற்றி முடித்திருக்கிறாள், பிறகு எழுப்பும்போதுதான் தெரிந்திருக்கிறது. வந்தவர்களிடமெல்லாம் மகள் இதைத்தான் சொன்னாள்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்துபோனார்கள். இரண்டு நாள் கழித்து, மறுபடி சலைன் ஏற்ற வேண்டிய காலையில், அம்மா ஊசியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உன்னால தனியா முடியாதும்மா," என்றாள் மகள். "டாக்டர்கிட்ட சொல்லி ஒரேயடியா ஒரு ஊசி போட்டு அனுப்பிடலாம். அதுக்கும் நிம்மதி."

அம்மா ஊசியின் மூடியைத் திருகியபடி இருந்தாள்.

"தூங்குறார்னு நான் நெனைக்கல," என்றாள்.

"என்னம்மா?"

"கையைத் தொட்டேன். ஜில்லுனு இருந்துச்சு. தெரிஞ்சுபோச்சு." அம்மாவின் குரல் உடையவில்லை. "சட்டைக்குள்ள கைய விட்டா, பை வெதுவெதுன்னு இருக்கு. அவர் சூடு பண்ணி வெச்சது. உனக்குப் போன் போட்டா ஆளுங்க வருவாங்க, ஆம்புலன்ஸ் வரும், அதுக்குள்ள ஆறிடும்ல."

மகள் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

"மேனேஜரைத் தூக்கி அவர் மடியில வெச்சேன். அசையாம படுத்துக்கிச்சு. முடியிறவரைக்கும் அவர்கிட்ட பேசிக்கிட்டே இருந்தேன். அப்புறம்தான் உன்னைக் கூப்பிட்டேன்."

மகள் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு சலைன் பையை எடுத்தாள். தன் சட்டைக்குள் விட்டுக்கொண்டு அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். குளிர்ச்சி வயிற்றில் பட்டதும் உடம்பு சிலிர்த்தது. கட்டிலுக்கடியிலிருந்து மேனேஜர் அவளை முறைத்தது, கிட்டே வரவில்லை.

"எவ்ளோ நேரம்மா ஆகும்?"

"அவர் பேப்பரை முழுசாப் படிச்சு முடிப்பார்."

"அப்ப அதைக் குடு."

அம்மா கொண்டுவந்து கொடுத்தாள். அப்பா போன அன்றைய பேப்பர்தான், அவர் மடித்துப் பிடித்திருந்த பக்கத்திலேயே இருந்தது. மகள் அங்கிருந்து படிக்க ஆரம்பித்தாள்.