மாடிக்கு ஆள் தேவை

லாரிக்காரர் மாடியில் வீடு கட்டியதே மனைவியின் நச்சரிப்பு தாங்காமல்தான். கட்டி முடித்ததும் மகன் வெளியூருக்கே போய்விட்டான். மாடி காலியாகவே கிடந்தது. போன மாதம் அவர் வெளியே போயிருந்த நேரத்தில் அந்தம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். கத்திக் கத்தித் தொண்டை வற்றியதுதான் மிச்சம், ஏனென்று கேட்க நாதியில்லை. மேலே ஆள் வைத்தே ஆகவேண்டும் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். கூப்பிட்டால் ஓடி வர ஒரு ஆள்.

அவருக்கோ பெற்ற பிள்ளையையே பாதிதான் நம்ப வரும். குடிவைத்தும் பழக்கமில்லை. அதனால் தெரிந்த வழியில் இறங்கினார். வீடு கேட்டு வருகிறவர்களை உட்காரவைத்துவிட்டு, வாசலுக்குப் போய் அவர்கள் வண்டியின் டயரைத் தடவிப் பார்த்தார். டயரைக் கவனிக்காதவன் எதைக் கவனிப்பான்?

முதலில் வந்தவர் வங்கிக்காரர். டயர் புதுசு. வண்டியில் தூசி தும்பு கிடையாது. லாரிக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"குடி, கிடி?"

"வாடையே ஆகாதுங்க."

"ஆளுங்க வந்து போவாங்களா?"

"வீடு உண்டு, நான் உண்டு."

அப்போது சமையலறையில் ஏதோ டமாரென்று விழுந்தது. வங்கிக்காரர் அந்தப் பக்கம் திரும்பினார். "கார் வாங்கினா உள்ள நிறுத்தலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா," என்றார் லாரிக்காரர்.

அடுத்து வந்தவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். வண்டிக்கு ஒரு கண்ணாடிதான், அதுவும் கம்பியில் கட்டியது. டயர் மொட்டைத்தலை மாதிரி இருந்தது.

"ஏம்ப்பா, பிரேக் இருக்கா, இல்ல காலைத் தேய்ச்சு நிறுத்துறியா?"

"காலும் தேய்ஞ்சுபோச்சுய்யா," என்று சிரித்தான்.

இவனைக் கிளப்பிவிட வேண்டியதுதான் என்று அவர் வாயைத் திறக்கவும், உள்ளே மறுபடி டமார். நாற்காலியில் ஆளைக் காணோம்.

"டேய்! யாரைக் கேட்டுடா உள்ள போறே?" லாரிக்காரர் துள்ளி எழுந்து ஓடினார்.

அந்தம்மா அடுப்பருகே முழுசாக நின்றாள். அவன் கீழே கிடந்த அண்டாவை நிமிர்த்திக்கொண்டிருந்தான். "அடி ஒண்ணும் படலையேம்மா?"

"இல்லப்பா."

லாரிக்காரர் அவனை வாசல்வரை விரட்டிவிட்டு வந்தார். "வங்கிக்காரருக்கே சொல்லிடுறேன். இவன் வீட்டை நோட்டம் விடுறவன்."

"ரெண்டு தடவையும் நான்தான் வேணும்னு போட்டேன்," என்றாள் அவள். "அந்த மனுஷன் அசையல. போகட்டும், அசலார். நீங்க?"

"நான்தான் விசாரிச்சுக்கிட்டு இருந்தேன்ல."

"ரெண்டாவது தடவை வந்தீங்களே, எனக்காகவா வந்தீங்க? அவனைப் பிடிக்க வந்தீங்க."

அவர் அண்டாவைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். "நசுங்கிப்போச்சு," என்றார். கொஞ்ச நேரம் கூடத்தில் நடந்தார். பிறகு போனை எடுத்தார்.

"ஏம்ப்பா, வீடு உனக்குத்தான்."

"இப்பத்தானேய்யா துரத்துனீங்க?"

"அது அது, இது இது. எப்ப வர்றே?"

"ஒண்ணாந்தேதி வந்துடுறேன்."

"அதுவரைக்கும் இங்க யாரு இருக்கிறது? நாளைக்கே வா."

போனை வைத்ததும் கூடத்து நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்ச் சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்தார்.

"வழியை அடைக்காதீங்க," என்றாள் அவள்.