எடித்துக்கு விழவேண்டிய அடி

மில்ரன் தன் மனுசி எடித்துக்கு ஓங்கிய அடி, இரண்டு ஒழுங்கை தள்ளி நாடகம் பார்த்துக்கொண்டிருந்த கோவில் மூப்பர் யாகப்பரின் இடது கன்னத்தில் விழுந்தது. உயிர்ப்புத் திருநாள் கழிந்த செவ்வாய்க்கிழமை பின்னேரம், மன்னார் ஓலைத்தொடுவாயில் அது நடந்தது; அன்றைக்குக் கீரிமீன் மலிவு, காற்றும் இல்லை. யாகப்பர் கதிரையோடு சரிந்தார். கடைவாய்ப் பல்லொன்று பிளேன்ரீக் கோப்பைக்குள் விழுந்து அடியில் தங்கியது. ரீவியில் நாடகம் மறைந்து எடித்தின் போனின் முகப்புப் பெரிதாகத் தெரிந்தது: அந்தோனியார் படம், நேரம், கொஞ்சம் மிச்சமிருந்த சார்ஜ். அதே நேரம் தன் குசினிக்குள் எடித் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கை வந்தது, கன்னத்தில் பட்டது, ஆனால் நோகவில்லை. பக்கத்தில் ஆரோ விசிறியால் விசுக்கியது மாதிரி இருந்தது. மில்ரன் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு இன்னொன்று அடித்துப் பார்த்தான். யாகப்பர் அப்போதுதான் எழும்ப முயன்றுகொண்டிருந்தார்.

விளக்கம் கேட்டால் ஊரில் இருக்கிறது ஒரே விளக்கம்தான். கொரோனா வந்து கோவிலைப் பூட்டின தவக்காலத்தில், ஆண்டவரின் பாடுகளைச் சுரூபங்களோடு காட்டுகிற பெரிய வெள்ளிப் பசாமை எப்படி நடத்துவது என்று மூப்பருக்கு நித்திரை இல்லை. உள்ளே போக விட்டது இரண்டு பேரைத்தான்: மூப்பரையும், ஆண்டவரின் பாடுகளை ஒப்பாரியாகப் பாடுகிற எடித்தையும். மூப்பர் மணிக்கூண்டில் ஒரு வைஃபை பெட்டியைக் கட்டி, எடித்தின் போனைச் சுரூபத்துக்கு முன்னால் நிறுத்தி, போனில் தெரிகிறதெல்லாம் வயர் இல்லாமலே ஊரிலுள்ள ஒவ்வொரு ரீவியிலும் தெரிய வைத்தார். ஒரு போனால் ஒரு நேரத்தில் ஒரு ரீவியைத்தான் பிடிக்கலாம் என்று மன்னார் ரவுணில் போன் திருத்துகிறவர்கள் சொல்லுவார்கள். சொல்லட்டும். அன்றைக்கு எல்லா வீட்டிலும் தெரிந்தது. ஆண்டவரைத் தூணில் கட்டி அடிக்கிற இடம் வந்ததும், கோவிலில் செய்கிற மாதிரியே சனம் வீட்டில் முழங்காலில் நின்று, சுரூபத்தைத் தொடுகிற கையால் ரீவியைத் தொட்டு, “இந்த அடியில் எங்களுக்கும் பங்கு தாரும்” என்று வழக்கமான செபத்தைச் சொன்னது. அந்த நேரம் பார்த்து ரீவி, இந்தப் போனை எப்போதும் அனுமதிக்கவா என்று கேட்டது. இல்லை என்று அமத்தினால் பாவமாய்ப் போகும் என்று எல்லாரும் ஓம் என்று அமத்தினார்கள். ஆருக்கு விழுகிற அடி என்று செபத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

மில்ரன் தவக்காலத்தில் மச்சம் தொடமாட்டான், கள்ளுத் தொடமாட்டான், மனுசியிலும் கை வைக்கமாட்டான். நாற்பது நாளும் அவனைப் போல ஒரு நல்ல பிள்ளை ஊரில் இல்லை. உயிர்ப்பு முடிந்த கையோடு மூன்றையும் சேர்த்துத் தொடங்குவான். அந்த வருசம் தொடங்கியபோது எடித்தின் சட்டைப் பைக்குள் கிடந்த போன், நினைத்த நினைத்த வீட்டு ரீவியைப் போய்ப் பிடித்தது. படகு முதலாளி சம்மாட்டியின் மகளுக்கு உச்சிமயிர் ஒரு பிடி பிடுங்குப்பட்டு விறாந்தையில் கிடந்தது. பக்கத்து வீட்டு றஞ்சினிக்கு ஒரு கண் மூடிக்கொண்டது. இந்தியாவில் முகாமில் இருபது வருசம் இருந்தபோதுகூட அவளை ஒருவரும் தொட்டதில்லை. எடித் முந்தி முறைப்பாடு சொல்லப் போனபோது, குடும்ப விசயம் என்று திருப்பி அனுப்பிய பொலிஸ்காரர் ஒருவர், தெரிந்தவர் வீட்டில் பழைய கிரிக்கெட் பார்க்க வந்த இடத்தில் நெஞ்சில் உதை வாங்கி இரண்டு விலா முறிந்தார். வழுக்கி விழுந்தேன் என்று ஆசுப்பத்திரியில் சொன்னார். எடித்தும் அங்கே அதைத்தான் சொல்லிவந்தாள்.

ரீவியின் பிளக்கைக் கழற்றினால் அடி வராது என்று எல்லாருக்கும் தெரியும். கழற்றினால் நாடகமும் வராது. ஆகவே ஊர் கூடி யோசித்து, மூப்பரையும் றஞ்சினியையும் எடித்திடம் அனுப்பியது. எடித் அப்போது முற்றத்தில் நெத்தலி காயப்போட்டுக்கொண்டு நின்றாள். தவக்காலத்தையும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு மேலாக அடி படாததால் முகத்தில் வீக்கம் வற்றி, அவளுக்கு இப்படி ஒரு முகம் இருந்ததா என்று பார்க்கிறவர்கள் யோசிக்கிற அளவுக்கு வந்திருந்தாள். வலக்கையைத் தோளுக்கு மேலே தூக்க முடிந்தது. வேலைக்குள் பாட்டுக்கூட வந்தது, அதுவும் ஒப்பாரியில்லை.

“பிள்ளை, கோவிக்காதை,” என்றார் யாகப்பர். “உன்ர போனில இருந்து எங்கட வீட்டு ரீவியளின்ர பேரை எடுத்து விடு.”

“எடுத்தா அடி எனக்கெல்லோ விழும், மூப்பர்.”

யாகப்பர் நெத்தலியைப் பார்த்தார். றஞ்சினி ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தாள். “நாங்கள் என்ன பாவம் செய்தனாங்கள், எடித்தக்கா?”

“அதைத்தான் நானும் கலியாணம் கட்டின நாளில இருந்து கேக்கிறன்,” என்றாள் எடித். ஆனாலும் றஞ்சினியின் மூடிய கண்ணை அவளால் பார்க்க முடியவில்லை. அவர்கள் முன்னாலேயே போனை எடுத்து ஒவ்வொரு பேராக அழித்தாள். மூப்பர் அவளுடைய தலையில் சிலுவை போட்டுவிட்டுப் போனார். அன்று பின்னேரம் மில்ரன் துடுப்பால் அடித்த அடியில் எடித்தின் வலக்கை முழங்கைக்குக் கீழே முறிந்தது. அந்தச் சத்தம் வேலி தாண்டிக் கேட்டது. ஊரில் எல்லா வீட்டிலும் நாடகம் தடங்கலில்லாமல் ஓடியது.

மற்ற நாள் மில்ரனின் தாய் கிறேஸ் வந்தாள். பின்வளவுக்கு அங்காலே தனி வீட்டில் இருக்கிறவள். மில்ரனின் தகப்பனிடம் அடி வாங்கியே நாரி வளைந்தவள். எடித் கலியாணம் முடித்து வந்த கிழமையே, ஆம்பிளையெண்டா கை நீளும்தான், பொறுத்துப் போ பிள்ளை என்று புத்தி சொன்னவளும் அவள்தான். எடித்துக்கு மாமியைக் கண்ணில் காட்டக்கூடாது. கிறேஸ் கதிரையில் இருக்காமல் நின்றபடியே கதைத்தாள்.

“என்ர ரீவியின்ர பேரைத் திருப்பிப் போடு.”

“விசரே மாமி உங்களுக்கு?”

“நான் பெத்த கை அது. எங்க விழவேணுமெண்டு சொல்ல எனக்கும் உரிமை இருக்கு. போடு.”

எடித் மாட்டேன் என்றாள். கிறேஸ் போனைப் பிடுங்கித் தானே போட்டாள். பேரப்பிள்ளைகள் இல்லாத கிழவிக்கு இதெல்லாம் எங்கே தெரியும் என்று நினைக்க வேண்டாம். தனியே இருக்கிறவர்களுக்கு ரீவியைப் பற்றி எல்லாம் தெரியும்.

அந்த வருசமும் அடுத்த வருசமும் எடித்துக்கு விழவேண்டிய அடி கிறேஸுக்கு விழுந்தது. முதலில் மூக்கு உடைந்தது, பிறகு இடக்கை விரல்கள், பிறகு காது. ஒவ்வொரு முறையும் மில்ரனின் மோட்டார் சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பும் சத்தம் கேட்டவுடன், மாமியின் பேரை அழித்துவிட வேண்டும் என்று எடித் போனை எடுப்பாள். பெருவிரல் போகாது. அடி முடிந்த பிறகு, நோகாத உடம்போடு இருந்து அழுவாள். வெட்கத்தில் அழுகிறாளா, தப்பின சந்தோசத்தில் அழுகிறாளா என்று அவளுக்கே பிடிபடவில்லை. விடிந்ததும் மஞ்சளும் உப்பும் அரைத்துக்கொண்டு போய் மாமிக்குப் பத்துப் போடுவாள்.

மில்ரனுக்குத் தெரிய வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாரைக் குழம்பு சாப்பிடத் தாய் வீட்டுக்குப் போனவன், அவளுடைய கன்னத்தில் தன் மோதிரத்தின் அச்சைக் கண்டான். ஆர் அடிச்சது என்று கேட்டான். நீதான் ராசா என்றாள். மில்ரன் அழுதான், அழுதுகொண்டே இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டான், ஒரு கிழமை கை ஓங்காமல் இருந்தான். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தான். அடிக்க முதல் பின்வளவு வேலிக்கு மேலால் எட்டி, “அம்மா, ரீவியை நிப்பாட்டணை,” என்று கத்துவான். கிறேஸ் சத்தத்தை இன்னும் கூட்டி வைப்பாள். நான் சொன்னனான்தானே என்று அவன் திரும்பி வந்து அடிப்பான். அப்படியும் மனுசர் இருக்கிறார்கள்.

ஒருநாள் றஞ்சினி கறிவேப்பிலை கேட்டு கிறேஸ் வீட்டுக்குப் போனாள். கிழவி ரீவிக்கு முன்னால் நிலத்தில் கிடந்தாள், வாயில் ரத்தம். தூக்கி நிமிர்த்திப் பக்கத்தில் இருந்து முகம் துடைத்துக்கொண்டிருக்கும்போது அடுத்த அடி வந்தது. அடி இரண்டாகப் பிரிந்து ஆளுக்குப் பாதியாக விழுந்தது. றஞ்சினி தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். இவ்வளவுதானா என்று இருந்தது. அடுத்த நாள் அவள் தன் மனுசனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். தண்ணீர்க் குழாயடியில் கதை பரவியது. கொஞ்சக் காலத்தில் பின்னேரமானால் ஊரே பாயோடு கிறேஸ் வளவுக்கு வரத்தொடங்கியது. இடம் போதாமல் ரீவியைத் தூக்கி முற்றத்தில் மேசைக்கு மேலே வைத்தார்கள். எல்லாரும் ரீவியில் அந்தோனியார் படத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். மில்ரன் அங்கே இழுத்து ஒன்று விட்டால், இங்கே ஆளுக்கு ஒரு நுளம்புக் கடி. சொறிந்துவிட்டு இருப்பார்கள். முதல் வரிசையில், பல்லில்லாத கன்னத்தோடு, யாகப்பர் இருந்தார்.

இத்தனை பேர் இருந்தார்கள், எழும்பிப் போய் அவனுடைய கையைப் பிடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்பது நியாயம். மனுசன் மனுசி விசயத்துக்குள் போகிறது அந்த ஊரில் வழக்கமில்லை. ரீவி பார்க்கிறது வழக்கம்.

எல்லை தாண்டி வந்த இழுவைப் படகுகள் மில்ரனின் வலையை வாரிக்கொண்டு போன நாள், அவன் வெறுங்கையோடு கரைக்கு வந்தான். வீட்டுக்குள் வரும்போது கையில் திருக்கை குத்துகிற மண்டா இருந்தது. மூன்று முள் வைத்த இரும்பு. எடித் அவனுடைய கண்ணைப் பார்த்தாள். இது அடியில்லை, கொலை என்று விளங்கியது. பின்வளவில் எத்தனை பேர் இருக்கிறார்கள், இது அத்தனை பேரையும் கொல்லுமா, அல்லது மாமியை மட்டும் கொல்லுமா என்று அவளுக்குத் தெரியாது. இந்த முறை பெருவிரல் போனது. கிறேஸ் என்ற பேரைத் தொட்டு, அழிக்கவா என்று போன் கேட்டு, அவள் ஓம் என்று அமத்தப் போவதற்குள் மண்டா வந்துவிட்டது. சட்டை கிழிந்தது. உடம்பில் கீறல்கூட இல்லை.

கிறேஸின் முற்றத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் இடது விலாவுக்குக் கீழே மூன்று ஊசிக் குத்து, ஒவ்வொன்றிலும் ஒரு துளி ரத்தம். கைப்பிள்ளைக்கும் வந்தது. பிள்ளை வீரிட்டது. யாகப்பர் வெள்ளைச் சேட்டைத் தூக்கிப் பார்த்தார், விரலால் தொட்டுப் பார்த்தார். “இது என்ர ரத்தம்,” என்றார். “இனி இது என்ர விசயம்.” சொல்லிவிட்டு எழும்பினார். பாய்கள் எல்லாம் அப்படியே கிடக்க, ஊர் வேலியைப் பிரித்துக்கொண்டு போனது.

மில்ரனைக் கடற்கரைக்கு இழுத்து வந்தார்கள். ஒருவரும் கத்தவில்லை, தூசணம் பேசவில்லை. பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகிற மாதிரி வரிசையில் நின்று, ஆளுக்கு ஒரு அடி அடித்தார்கள். தங்களுக்குப் பங்காக வந்ததைத் திருப்பிக் கொடுத்தார்கள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. யாகப்பர் கன்னத்தில் அடித்தார், பல் மணலில் விழுந்தது. றஞ்சினி கண்ணைக் குத்தினாள். சம்மாட்டியின் மகள் உச்சிமயிரைப் பிடித்து ஒரே இழுவையில் தோலோடு கழற்றினாள். துடுப்பு விழுந்தது, உதை விழுந்தது. முள்ளந்தண்டு முறிந்த சத்தம் அலைச் சத்தத்துக்கு மேலால் கேட்டது. கைப்பிள்ளையின் பங்கைத் தாய் பிள்ளையின் கையைப் பிடித்துக் கொடுத்தாள். எடித் கருவாட்டுப் பந்தலுக்குக் கீழே நின்று எல்லாவற்றையும் கண் மூடாமல் பார்த்தாள். வரிசையில் கடைசியாகக் கிறேஸ் நின்றாள். மில்ரன் சாவதற்கு இன்னும் ஒரே ஒரு அடிதான் தேவைப்பட்டது. அதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. அவனுக்கும் தெரிந்தது. அம்மா, அடியணை என்றான். கிறேஸ் மகனைப் பார்த்தாள். “என்ர பங்கை நான் இப்ப தரமாட்டன்,” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அதனால் மில்ரன் சாகவில்லை. ஆசுப்பத்திரியில் டொக்டர்மார் எல்லாரும் வந்து பார்த்தார்கள். இந்த உடம்பில் உயிர் நிற்க இடமில்லை என்றார்கள், பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். பொலிஸ் வந்து விசாரித்தது. ஓம், நான் ஒரு அடி அடிச்சனான் என்று ஒவ்வொருவரும் ஒளிக்காமல் சொன்னார்கள். ஒரு அடியில் ஒருவரும் இந்த நிலைக்கு வரமாட்டார் என்று கோட்ஸில் முடிவாகியது. மில்ரன் தாய் வீட்டு அறையில் கட்டிலில் கிடந்தான். காலும் இல்லை, கையும் இல்லை என்ற மாதிரிதான். வாய் மட்டும் வேலை செய்தது. கிறேஸ் அவனுக்கு ஊட்டினாள், கழுவினாள், தன் பங்கைக் கொடுக்கவில்லை.

அவன் அப்படிக் கிடந்த மூன்றாம் வருசம் வாடைக் காலத்தில் கிறேஸ் படுக்கையில் விழுந்தாள். சுவாமியார் வந்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போன பிறகு, எடித்தைப் பக்கத்தில் கூப்பிட்டு அவளுடைய வலக்கையைப் பிடித்தாள். “என்ர பங்கு இனி உன்னோட,” என்றாள். எடித் கையை எடுக்கும்போது அது பாரமாய் இருந்தது, ஈரமான வலையைத் தூக்கின மாதிரி. அந்தப் பாரம் இன்னும் இறங்கவில்லை.

இப்போது மில்ரனுக்குக் கஞ்சி கொண்டுபோகிறது எடித்தான். பாவம் பார்த்தல்ல. அவன் அப்படிக் கிடக்கிறதைப் பார்க்க அவளுக்கு ஒரு சந்தோசம் இருக்கிறது. அதைப் பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னாள், சுவாமியார் செபம் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டு வந்து பார்த்தாலும் சந்தோசம் அப்படியேதான் இருந்தது. ஊரில் இது ஒருவருக்கும் புதினமில்லை. காலையில் எடித் கோப்பையோடு பின்வளவால் போனால், கஞ்சி கொண்டு போறாள் என்பார்கள், அவ்வளவுதான். கதவு திறக்கிற சத்தத்துக்கே மில்ரனின் கண் வாசலுக்குத் திரும்புகிறது. ஒவ்வொரு நாளும் அவன் அவளுடைய வலக்கையைப் பார்த்துத்தான் கேட்கிறான்.

“இண்டைக்கோ?”

“பாப்பம்,” என்கிறாள் எடித். “முதல் கஞ்சியைக் குடி.”