காலருக்கு அடியில்

சட்டையை உருவும்போது அவள் விரலில் சுருக்கென்று ஏறியது. அப்பாவின் காலரைப் புரட்டிப் பார்த்தாள். அடிமடிப்பில், வெளியே தெரியாதபடி, மயிர் கனத்தில் ஒரு ஊசி.

"என்ன?" என்றான் அண்ணன். சாவுச் சேதி கேட்டுக் காலை விமானத்தில் வந்து இறங்கியவன், குளிப்பாட்டுவதற்காக அப்பாவின் உடலைத் தோளில் தாங்கிப் பிடித்திருந்தான்.

"ஒண்ணுமில்ல."

அக்குபங்சர் ஊசி. நேற்று வைத்தியம் பார்க்க வந்த ஊசிக்காரம்மா அப்பாவின் தலையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒன்று குறைகிறதே என்று கட்டிலுக்கடியில் தவழ்ந்து தேடினார். பெருக்கித் தள்ளிவிட்டீர்களா என்று இவளுக்குத்தான் திட்டு விழுந்தது. வாழ்நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்திருந்த மனுஷன். கையில் ஊசி கிடைத்தால் காலரில் குத்திக்கொள்வார். அவரைத் தாக்கிய பக்கவாதம், பெற்ற பிள்ளையையே மறக்கடித்துவிட்டு, இந்தப் பழக்கத்தை மட்டும் பத்திரமாக விட்டுவைத்திருந்தது.

பேச்சும் கையும் ஒருமாதிரி திரும்பிவிட்டன. ஆட்கள்தான் திரும்பவில்லை. சாப்பாடு ஊட்டும்போதே "யாரும்மா நீ?" என்று கேட்பார். டாக்டர் கைவிரித்துவிட்டார். ஊசிக்காரம்மாவும் உறுதி சொல்லவில்லை, முயற்சி பண்ணிப் பார்க்கலாம் என்றார். ஒரே ஒரு தடவை தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், அதற்காகத்தான் அவள் சம்மதித்தாள். தலையில் ஊசி ஏறுவதைப் பார்க்கத் தைரியமில்லாமல் ஒவ்வொரு முறையும் சமையலறைக்கு ஓடிவிடுவாள்.

"அவர் ஊருக்கே தைச்சாரு, நீ அவரையே தைக்கிறியா?" என்று போனில் சிரித்தவன் அண்ணன். இன்று சித்தப்பாவிடம், அவள் காதில் விழட்டும் என்றே சொன்னான்: "சும்மா கிடந்த மனுஷனைக் குத்திக் குத்தியே அனுப்பிட்டா."

ஒருநாள், ஒரே ஒருநாள் இவன் அப்பாவுக்குக் கால் கழுவிவிட்டிருப்பானா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர் எடுக்கும் சாக்கில் வெளியே வந்தாள்.

ஊசிக்காரம்மா வாசலிலேயே தயங்கி நின்றிருந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து உங்களைத் திட்டிட்டேன்மா. மனசுல வச்சுக்காதீங்க."

"நான் இல்லாதப்ப அப்பா ஏதாவது பேசுவாரா?"

அந்த அம்மாள் பார்வையை எங்கோ திருப்பினார். "பேசுவாரு. நீங்க அந்தப் பக்கம் போனதும் கேப்பாரு, பெரியவன் வந்துட்டானான்னு. பேர் சொல்லியே கேப்பாரு. உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான் சொல்லல."

"என்னைப் பத்தி?"

"நல்லதாத்தான் சொல்லுவாரு."

"என்ன சொன்னாரு?"

"வேலைக்கு ஒரு தங்கமான பொண்ணு கிடைச்சிருக்கா, விட்டுடாதீங்கன்னு..."

அவள் தலையை ஆட்டினாள். பாத்திரத்தை நிரப்பிக்கொண்டு உள்ளே வந்தாள்.

அண்ணன் புதுச் சட்டையை மாட்டிவிட்டிருந்தான். பட்டன்களை மாற்றிப் போட்டிருந்ததில் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. எல்லாவற்றையும் கழற்றி, அவள் முதலிலிருந்து போட்டாள்.

"கடைசில என்னைக் கேட்டாரா?" அவன் குரல் உடைந்திருந்தது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"இல்ல," என்றாள். "அவருக்கு யாரையுமே ஞாபகம் இல்ல."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போனான்.

அப்போதுதான் ஊசி நினைவுக்கு வந்தது. கட்டிலில் தேடினாள், தலையணைக்கடியில் தேடினாள், யார் காலிலாவது ஏறிவிடப்போகிறதே என்று தரையைத் தடவினாள். நிமிர்ந்தபோது கழுத்தோரம் ஏதோ உரசியது. அவள் போட்டிருந்த சட்டைக் காலரின் அடிமடிப்பில், வெளியே தெரியாதபடி, அவள் கையே எப்போதோ அதைக் குத்திவைத்திருந்தது.

அதை அப்படியே விட்டுவிட்டு, அப்பாவின் காலரை நேராக்கினாள்.